பென்னி லாவா யார் கணக்குல வரவு?

மக்களே, பாட்டு தேடி இணையத்துல அலையறதுதான் என் முழுநேர வேலை. பி.காம் எல்லாம் பகுதிநேரம் :-) அப்படி மாட்டின ரெண்டு வினோதம் இங்கே.

முதலாவது 'பென்னி லாவா'. 2000ல வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்துல 'கல்லூரி வானில்'னு பாட்டு, பிரபுதேவா ஆட்டம். 2007ல பஃபலாக்ஸ்ங்கற பேர்ல ஒரு அமெரிக்கர் இதை யூடியூப்ல ஏத்தினார். தமிழ் தெரியாத அவர் காதுல என்ன ஆங்கில வார்த்தை மாதிரி விழுந்துச்சோ, அதையே சப்டைட்டிலா ஓட விட்டுட்டார். நம்ம நிலா அங்கே பென்னி லாவா ஆயிடுச்சு! ஒரு தடவை அதைப் படிச்சுட்டா போதும், நமக்கே அப்படித்தான் கேட்குது. வேங்கிக்கால் பஸ்ல இந்தப் பாட்டு ஓடினப்போ கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அப்பவும் பென்னி லாவாதான் வந்தார்.

இப்படித் தப்பாக் காதுல விழறதுக்கு 'மாண்டகிரீன்'னு பேரே இருக்கு. 1954ல சில்வியா ரைட்ங்கற அமெரிக்க எழுத்தாளர் வெச்சது. சின்ன வயசுல அம்மா படிச்சுக் காட்டின ஸ்காட்லாந்துப் பாட்டுல, செத்த பிரபுவைப் புல்தரையில கிடத்தினாங்கன்னு வரும். இவரோ 'லேடி மாண்டகிரீன்'னு ஒரு சீமாட்டியும் கூடச் செத்ததா நினைச்சுக்கிட்டாராம்.

ரெண்டாவது 'லிட்டில் சூப்பர்ஸ்டார்'. 1990ல வந்த 'அதிசயப் பிறவி' காட்சி, 2006ல உலகம் பூரா சுத்துச்சு. நிஜ சூப்பர்ஸ்டார் ரஜினி பக்கத்துல இருக்க, நம்ம கிங்காங் பின்னி எடுப்பார். அவர் ஆடற பாட்டு 'ஹாலிடே ராப்', நெதர்லாந்துக்காரங்க ரெண்டு பேர் 1986ல வெளியிட்டது. அதுவும் மடோனா பாட்டை வெச்சுக் கட்டினது. எங்கே சுத்தி எங்கே வந்திருக்கு பாருங்க!

நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா ஒண்ணு உறுத்துது. எங்க கிளாஸ்லயே சிலருக்கு அது 'பென்னி லாவா பாட்டு' மட்டும்தான். இசை எஸ்.ஏ.ராஜ்குமார், பாடினது தேவனும் அனுராதா ஸ்ரீராமும்னு சொன்னா முழிக்கறாங்க. கிங்காங்கையும் 'அந்தக் குள்ள ஆளு'ன்னுதான் சொல்றாங்க. ஊரான் வெச்ச பட்டப்பேரு நம்ம ஊர்லயே நிஜப் பேரை முழுங்கிடுச்சு.

காமர்ஸ்ல பற்று எழுதினா வரவும் எழுதியே ஆகணும், இல்லேன்னா கணக்கு டேலி ஆகாது. சிரிப்பை நாம எடுத்துக்கிட்டாச்சு. அடுத்த தடவை இதையெல்லாம் யாருக்காவது அனுப்பும்போது, அந்த நாலு பேரையும் ஒரு வரி சேர்த்து எழுதிடுங்க. காசா பணமா?