மண்டியின் மணம்

கேரளத்தின் அமரவிளைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுகிற முறை ஏறக்குறைய ஒன்றுதான். கறுத்த திராட்சையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, சீனப் பரணியில் ஓர் அடுக்கு பழம், ஓர் அடுக்கு சீனி என்று நிரப்புவார்கள். மேலே ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். தினமும் மரத்தவியால் கிளறி, 21ஆம் நாள் வடிகட்டுவார்கள். பரணியின் வாயைத் துணியால்தான் கட்டுவார்கள். நான் மூடியை அழுத்தப் போனால் அம்மா தடுப்பாள்: “இறுக்கிக் கெட்டாதே மக்களே, அதுக்கு மூச்சு விடணும்.” காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே நுரை வெடிக்கும் சிற்றொலி கேட்கும். வடித்த பிறகு அடியில் தங்கிய சாம்பல் நிற மண்டி வாழைமூட்டுக்குப் போகும்.

பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்துக்காரர்கள் இந்த மூச்சையும் விடுவதில்லை, மண்டியையும் கொட்டுவதில்லை. அவர்களுடைய வைனின் பெருமையெல்லாம் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் புளித்து அடங்கிய வைனை அவர்கள் கனத்த குப்பியில் ஊற்றி, லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது. போக வழியில்லாத வாயு வைனுக்குள்ளேயே கரைந்து, ஆறு வளிமண்டல அழுத்தம்வரை ஏறுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பிகள் சரம்சரமாக வெடித்தன. நிலவறைக்குள் இறங்குகிறவர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் போட்டுக்கொண்டார்கள். எவ்வளவு சர்க்கரை தாங்கும் என்று 1836இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் பிரான்சுவா என்ற மருந்துக்கடைக்காரர். எத்தனையோ பேருடைய கண்ணைக் காப்பாற்றிய கணக்கு அது.

தின்ன எதுவும் மிஞ்சாதபோது ஈஸ்ட் செத்து அடியில் படிகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. செத்த ஈஸ்டின் உடல் மெல்ல மெல்லக் கரைந்து வைனில் கலக்கிறது. அதற்குக் காலம் வேண்டும். நல்ல விளைச்சல் கண்ட ஒரே ஆண்டின் பழத்தில் செய்த ‘வின்டேஜ்’ ஷாம்பெயின் குறைந்தது மூன்று ஆண்டு நிலவறையில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். பெயர்பெற்ற நிறுவனங்கள் எட்டு, பத்து ஆண்டுகள்கூடக் காக்க வைக்கின்றன. 1921ஆம் ஆண்டுப் பழத்தில் செய்த முதல் ‘தோம் பெரிஞோன்’ ஷாம்பெயின் 1936இல்தான் விற்பனைக்கு வந்தது. கடைசியில் குப்பியைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, அந்த இடத்தை மட்டும் உறையவைத்துத் தட்டி எடுத்துவிடுவார்கள். குடிக்கிறவர் கண்ணில் மண்டி படாது. அதன் மணம் மட்டும், வாட்டிய ரொட்டியின் மணமாக, வைனில் இருக்கும்.

அந்த மணத்தின் உறவுக்காரர் நம் வீட்டிலும் உண்டு. கள் ஊற்றிப் புளிக்கவைத்த அப்பமாவை விடியற்காலையில் திறக்கும்போது எழுகிற வாசனையைச் சொல்கிறேன். கள்ளிலும் வேலை செய்வது பெரும்பாலும் அதே இன ஈஸ்ட்தான். நம் பனையேறிகள் அதை நன்றாக அறிந்தவர்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்டின் வேலை தடைப்பட்டு அக்கானி, அதாவது பதநீர், இனிப்பாக இறங்கும். தடவாவிட்டால் கள். ஆனால் கள்ளுக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அப்புறம் அது காடிதான். நிறுத்தத் தெரிந்த நாம் காக்கவைக்கவில்லை. அதற்கு முதல் காரணம் வெயில் என்றே நினைக்கிறேன். ஷாம்பெயினின் சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரி வெப்பம்தான். நம் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, இருட்டில்கூட, 30 டிகிரிக்கு அருகில் இருக்கும். ஈஸ்டருக்குள் வைன் புளித்துவிடும்.

குளிர் என்ன செய்யும் என்பதற்கு 2010இல் பால்டிக் கடலில் ஒரு சாட்சி கிடைத்தது. ஓலாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பலில் 168 ஷாம்பெயின் குப்பிகள் ஏறத்தாழ 170 ஆண்டுகளாகக் கிடந்திருந்தன. திறந்ததும் நனைந்த முடி, பழைய பாலாடைக்கட்டி போன்ற வாடை. கிண்ணத்தில் சுழற்றச் சுழற்ற அது விலகி, புகையும் தோலும் மசாலாவுமாக மணந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

வெயில் நாட்டில் முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1980களில் புனேக்கு அருகே நாராயண்காவில் ஷாம் சௌகுலே, பிரான்சின் பைப்பர் ஹைட்சிக் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு, ஷாம்பெயின் முறையிலேயே ‘ஓமர் கய்யாம்’ என்ற வைன் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

வெயிலை விட்டால் அடுத்த தடை சட்டம். அமரவிளை என்றதும் பலருக்கு நினைவு வருவது எக்சைஸ் செக்போஸ்ட்தான். அனுமதியில்லாமல் வீட்டில் வைன் போடுவது அப்காரி சட்டப்படி குற்றம் என்று 2019 கிறிஸ்துமஸுக்கு முன் எக்சைஸ் துறை எச்சரித்ததும் இந்தப் பக்கத்து வீடுகள் மறக்காத செய்தி. ஆனால் 2022இல் கேரள அரசு, உள்ளூர்ப் பழங்களில் வைன் செய்யும் சிறு ஆலைகளுக்கு உரிமம் கொடுக்க விதிகள் கொண்டுவந்தது. இந்தப் பக்கத்தில் யாராவது அந்த உரிமம் வாங்கினால், முதல் ஈட்டில் கொஞ்சம் குப்பிகளையாவது குளிரறையில் மண்டியோடு மூன்று ஆண்டு கிடக்க விட வேண்டும் என்பது என் ஆசை. கொல்லாம்பழத்திலேயே, அதாவது முந்திரிப்பழத்திலேயே, தொடங்கலாம். கோடையில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிட்டுத்தானே வருகிறோம்.