பிள்ளைகள் பற்றி ஏறும் மரம்



தாம்பரம் வட்டாரத்து மரக்கடைகளில், பிள்ளைகளுக்கு ஊஞ்சல் சட்டமோ ஏறி விளையாடும் ஏணியோ செய்ய வெளியில் நின்று தாங்கும் மரம் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, “இது ட்ரீட்மென்ட் செய்த மரம் பாய், ஒன்றும் ஆகாது” என்பதே. எங்கள் மக்தபின் முற்றத்திற்காக மரம் பார்க்கும் பொறுப்பை ஜமாஅத் நிர்வாகம் என்னிடம் ஒப்படைத்தபோது, நானும் இதையே பல இடங்களில் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, ஈரத்தை உலர்த்துதல். கடைக்காரர் ‘சீசனிங்’ என்பது இதனை. கோணாமல் இருக்க இது உதவும், கரையானைத் தடுக்காது. இரண்டாவது, வெப்பமூட்டல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில் இறங்கும் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகையில் ‘எச்.டி.’ என்ற முத்திரையைக் காணலாம். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். நாடு விட்டு நாடு பூச்சி பரவாமல் இருக்கச் செய்யப்படும் ஏற்பாடு அது. உள்ளிருந்த பூச்சி சாகும். நாளை வரும் கரையானுக்கோ பூஞ்சைக்கோ அங்கே தடையேதும் இல்லை. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது. அதனைப் பிள்ளைகளின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

மூன்றாவதுதான் உண்மையான பாதுகாப்பு: மருந்தை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்துதல். இதிலும் கவனம் தேவை. செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் கலந்த மருந்தை 1933இல் கண்டறிந்தவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொன்டி காமேசம் என்னும் நம் நாட்டவர். உலகெங்கும் மின்கம்பங்களையும் வேலிக்கால்களையும் அது பல பத்தாண்டுகள் காத்தது. ஆனால் அந்த ஆர்சனிக் சிறிது சிறிதாக மேற்பரப்பிற்கும் அடிமண்ணுக்கும் வருகிறது. கம்பத்தை யாரும் தழுவிக்கொண்டிருப்பதில்லை. ஏணியைப் பற்றிய பிள்ளையின் கையோ அடுத்த நொடி வாய்க்குப் போகும். அமெரிக்காவில் 2003 டிசம்பர் 31உடன் வீட்டுப் பயன்பாட்டிற்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் இம்மருந்தேற்றுவது கைவிடப்பட்டது. ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துகள் அங்கே அதன் இடத்தைப் பிடித்தன. இரண்டு வகையும் மரத்திற்குப் பச்சைச் சாயலையே தருவதால், நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. மருந்தின் பெயரை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். ரப்பர் மரத்திற்கு ஏற்றும் போரான் உப்பு ஆர்சனிக் அற்றதுதான். எனினும் மழையில் கரைந்துவிடும், வீட்டினுள்ளே மட்டும் ஏற்றது.

தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். கருஞ்சாயம் பூசிய பலகையை வாங்கும்போது எனக்கு அதுவே நினைவுக்கு வரும். சாயத்தின் கீழே வைரம் பாய்ந்த பகுதியா, வெளுத்த புறப்பகுதியா என்று ஓரத்தைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஜமாஅத் பணம் அமானத் அல்லவா! தேக்கேயானாலும் வெளுத்த பகுதி விரைவில் மட்கும்.

வைரம் பாய்ந்த தேக்கிற்கு மருந்தே தேவையில்லை, விலைதான் தடை. பேரீச்சந்தண்டுத் தூண்களும் ஓலைக் கூரையுமாக இருந்த மஸ்ஜிதுந் நபவியை உஸ்மான் (ரழி) அவர்கள் விரித்துக் கட்டியபோது, தூண்களைக் கல்லாலும் கூரையைத் தேக்காலும் அமைத்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. தேக்கு அரபு மண்ணில் விளையும் மரமன்று.

எந்த மரமானாலும் மண்ணில் புதைத்தால் நம் பகுதியில் நிலைப்பது கடினம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான இடங்களில் நீர் நாள்கணக்கில் நிற்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர் பட்ட பாட்டை யார் மறப்பார்? மரம் முதலில் மட்குவது மண்ணைத் தொடும் மட்டத்தில். கரையானும் அங்கிருந்தே ஏறும். சுலைமான் (அலை) அவர்கள் சாய்ந்து நின்ற கைத்தடி பூமியின் சிற்றுயிரால் அரிக்கப்பட்டு, அவர்கள் விழும்வரை ஜின்கள் எதையும் அறியவில்லை என்று ஸபா அத்தியாயம் கூறுகிறது. ஊஞ்சற்காலும் அப்படித்தான், மேலே பளபளப்பாக நிற்கும். ஆகவே சிமெண்ட் மேடையில் இரும்புப் பட்டையைப் பதித்து, மரக்கால் தரையைத் தொடாதபடி அதில் போல்ட் இட்டு நிறுத்தச் சொன்னேன். செம்பு மருந்து சாதாரண ஆணியை அரிக்கும். துத்தநாகம் பூசியதோ எவர்சில்வரோ வேண்டும். தச்சர் அறுத்த முனைகளிலும் துளைகளிலும் மருந்தை மீண்டும் பூசவேண்டும்; அங்கேதான் உள்மரம் திறந்துகிடக்கும்.

ஏற்கெனவே பழைய பச்சை மரத்தில் சாதனம் நிற்கும் இடங்களில், உள்ளிறங்கும் எண்ணெய்ப் பூச்சை ஆண்டுதோறும் இடுவது ஆர்சனிக் வெளிவருவதைக் குறைக்கும். விளையாடிய பின் பிள்ளைகள் சோப்பிட்டுக் கைகழுவட்டும். அதன்மீது அமர்ந்து தின்பண்டம் உண்ணவேண்டாம்.

இன்னொன்று: மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளையும் சீவல்களையும் வலீமா பிரியாணி அடுப்பிற்கு யாரும் எடுத்துச்செல்ல விடாதீர்கள். எரித்தால் நச்சு புகையிலும் சாம்பலிலும் வரும். பாத்திரம் துலக்கவும் அச்சாம்பல் ஆகாது.