உயரமும் அகலமும்

சென்னை அண்ணா சாலையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம், அந்நாளில் இந்தியாவிலேயே மிக உயரமானது. சில ஆண்டுகளில் அதனை விஞ்சிய கட்டடங்கள் எழுந்தன, அப்பெருமை கைமாறியது.

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்திலும் விண்ணளாவும் கட்டடங்கள் உண்டு. அவை நடராசர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரங்கள் நான்கு. கீழைக் கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்கள் ஆடற்கலையைக் கல்லில் காக்கின்றன. அக்கோபுரங்களின் பெருமை உயரத்தோடு முடிவதன்று. சூழ்ந்துள்ள நான்கு தேரோடும் வீதிகளின் அகலத்திலும் அது விளங்குகிறது. ஆனியிலும் மார்கழியிலும் ஊர்கூடி வடம்பிடிக்க, தேர்கள் அவ்வீதிகளை வலம்வருகின்றன. தேர் திரும்ப இடம் வேண்டுமாதலின், வீதியை எவரும் தமதாக்கிக்கொள்ள இயலாது.

உயரத்தை மற்றோர் உயரம் வெல்லும். பலரும் சேர்ந்து நடக்கும் வீதியையோ, அந்நடையே காத்து நிற்கும்.