ஊதியமும் தொண்டும்

தொண்டு என்றதும் கைம்மாறு கருதாமை என்பதே நம்மவர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம். கூலி பெற்றுச் செய்வது தொழில். பெறாது செய்வதே தொண்டு என வகுத்துக்கொண்டோம். கேட்பதற்கு இவ்வரையறை அழகியதே. ஆயின், பல ஆண்டுகளாக மாணவரோடு பழகிவரும் எமக்கு, இது வறிய பிள்ளையைத் தொண்டின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பது நாளடைவிற் புலனாயிற்று.

சிரமதானமாயினும், முதியோர் இல்லப் பணியாயினும், வாசிகசாலைப் பணியாயினும், அழைத்தவுடன் முன்வரும் முகங்கள் பெரும்பாலும் அவையேதாம். வாராதாரை மனமற்றவர் என்று கொள்ளுதல் எளிது. ஒருமுறை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனைத் தனியே அழைத்துக் காரணம் வினவினோம். "சேர், சனி ஞாயிறிலை மேசனுக்குக் கையாளாப் போறனான். அந்தக் காசிலைதான் கிழமைச் சாமான் வாங்கிறது" என்றான். அவன் சொல்லில் வெட்கமும் இல்லை, முறைப்பாடும் இல்லை. பொழுதை இலவசமாகக் கொடுப்பதற்கும் ஒரு செல்வம் வேண்டும். அச்செல்வம் அவனிடம் இல்லை, அவ்வளவே.

இவ்வுண்மையை நாமும் பட்டறிந்தோம். 2000ஆம் ஆண்டையடுத்த காலத்தில், போரின் காரணமாக வடபுலத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் போதாதிருந்தனர். உயர்தரம் முடித்த இளைஞரும் யுவதியரும் வேதனமின்றித் தொண்டராசிரியராகச் சென்று கற்பித்தனர். நாமும் அவருள் ஒருவரானோம். எம்முடன் அதே பாடசாலையிற் கணிதம் கற்பித்த நண்பர் எம்மினும் வல்லவர். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையும் கரும்பலகையை நோக்கும்படி கற்பிப்பவர். எம் வீட்டில் தமையனார் உழைத்தார்; ஆதலின் நாம் நிலைத்தோம். அவர் வீட்டில் உழைப்பவர் வேறெவரும் இலர். ஓராண்டின் முடிவில் அவர் கடையொன்றிற் கணக்கெழுதப் போனார். நாம் பின்னர் ஆசிரிய கலாசாலை புகுந்து பயிற்றப்பட்ட ஆசிரியரானோம். அவர் மீண்டும் வகுப்பறைக்குள் வரவேயில்லை. நட்டம் அவருக்கு மட்டுமோ? அவரிடம் கணிதம் பயின்றிருக்கவேண்டிய பிள்ளைகளுக்கும் அன்றோ!

இத்தகைய நட்டத்தைச் சட்டத்தினாற் குறைக்க முயன்ற நாடொன்றுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ரூஸ்வெல்ற் அவர்களின் ஆட்சியில், 1935இல் தேசிய இளைஞர் நிருவாகம் என்னும் அமைப்புத் தோன்றி, வறிய மாணவர்க்குப் பகுதிநேர வேலை கொடுத்து அவர்தம் கல்வி இடைமுறியாது காத்தது. ரெக்ஸாஸ் மாநிலத்தில் அதன் பணிப்பாளராக விளங்கியவர் லிண்டன் ஜோன்சன். அவர்தாமும் சான் மார்க்கோஸ் நகரத்து ஆசிரியர் கல்லூரியில் துப்புரவு வேலையும் அலுவலக ஏவல் வேலையும் செய்து பயின்றவர். பணம் போதாமையாற் படிப்பை இடைநிறுத்தி, 1928இல் கொட்டூலா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். அவரே சனாதிபதியாகி 1964இல் ஒப்பமிட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில், மாணவர் வேலை செய்து கற்கும் திட்டமும் இடம்பெற்றது. தேவையுடைய மாணவன் வேலை செய்வான். ஊதியத்தின் பெரும்பங்கை அரசும், எஞ்சியதை வேலை கொடுப்போரும் தருவர். பிற்காலத்தில், கல்லூரிகள் இந்நிதியில் ஒரு பங்கைச் சமூக சேவைக்கே செலவிடல் வேண்டுமென விதித்தனர். 2000ஆம் ஆண்டிலிருந்து அது நூற்றுக்கு 7 ஆயிற்று. சிறுவர்க்கு வாசிப்புக் கற்பிக்கும் மாணவரின் ஊதியம் முழுவதையும் அரசே ஏற்பதற்கு 1997இல் வழி செய்யப்பட்டது.

அத்திட்டம் குறையற்றதன்று. வேலைகளிற் பெரும்பாலன இன்றும் கல்லூரி வளாகத்துள்ளேயே அமைகின்றன. நூற்றுக்கு ஏழு என்பதும் சிறு பங்கே. ஆயினும் அதன் அடிப்படை கவனிக்கற்பாலது. வறியவனுக்குத் தரும் பணத்தை அது ஈகையாகத் தருவதில்லை. அவன் ஊருக்கு உழைத்த உழைப்பின் விலையாகத் தருகிறது.

எம் நாட்டில் 1945இல் வந்த இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்கும் கதவைத் திறந்தது. 1981இல் எழுந்த மகாபொல நிதியம் பல்கலைக்கழக மாணவர்க்குக் கைகொடுக்கிறது. ஆயின், உயர்தரப் பரீட்சை எழுதியவன் பல்கலைக்கழகம் புகும் வரையிற் பல மாதங்கள், சிலபோது ஓராண்டுக்கு மேலும், காத்திருக்கிறான். அக்காலத்துக்குக் கைகொடுப்பார் அரியர். கொடுப்போரும் பெரும்பாலும் மேடையிலேற்றி, மாலையணிந்த பிரமுகரின் பக்கத்தில் நிறுத்தி, நிழற்படம் எடுத்தே கொடுக்கின்றனர். துவிச்சக்கரவண்டி வீட்டுக்கு வரும். அத்துடன், தான் இரந்து பெற்றவன் என்னும் நினைவும் வரும்.

எனவே, விழாக் காணும் இவ்வேளையிற் பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுகின்றோம். விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். தேவையுடைய மாணவர் சிலர் காத்திருக்கும் அக்காலத்தில், சனசமூக நிலையங்களில் எழுத்துக்கூட்டித் தடுமாறும் சிறுவர்க்கு வாசிப்புக் கற்பிக்கட்டும்; துணையற்ற முதியோர்க்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கட்டும்; வாசிகசாலைகளில் செல்லரிக்கும் பழைய ஏடுகளையும் மலர்களையும் ஒழுங்குபடுத்திப் படிமமாக்கட்டும். நேரம் வரையறுக்கப்படல் வேண்டும். மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். மாத முடிவிற் பதிவேட்டிற் கையொப்பமிட்டு ஊதியம் பெறட்டும். மேடை வேண்டா, நிழற்படமும் வேண்டா.

"கூலி பெற்றால் அது தொண்டாகுமா?" எனச் சிலர் வினவக்கூடும். ஆசிரியராகிய நாம் மாதந்தோறும் சம்பளம் பெறுகின்றோம். ஆயினும், ஓய்வுபெறும் நாளில் எம் பணியைத் தொண்டு என்றே வாழ்த்துரைகள் கூறுகின்றன. அவ்வாழ்த்து பொய்யன்றாயின், அம்மாணவன் பெறும் ஊதியமும் அவன் தொண்டைக் குறைக்காது. வீட்டுக்கு அரிசி வாங்கிய பின்னரும் அவன் உள்ளத்தில் ஊருக்கு இடமிருக்கும். அவ்விடத்தைத் திறந்துவைத்தல் எமது கடன்.