அடுக்களைக்கு ஒரு கல்

'கல்' என்னும் சொல் தமிழில் பெயராகவும் நிற்கும். 'கற்பாயாக' என்று ஏவும் வினையாகவும் நிற்கும். வகுப்பறையில் இலக்கணம் நடத்திய காலத்தில் இந்த இருமையை மாணவர்க்குப் பலமுறை எடுத்துக் காட்டியதுண்டு. ஆயினும், பெயராய் நிற்கும் கல்லே வினையாய் நிற்கும் கல்லை எனக்கு உணர்த்தும் வாய்ப்பு, பணி ஓய்வுக்குப் பின்னர் எங்கள் வீட்டு அடுக்களையைப் புதுப்பிக்க முற்பட்டபோதுதான் கிட்டியது.

ஈப்போ நகரின் புறத்தே, வரிசை வீடுகளுள் ஒன்று எங்களுடையது. முப்பது ஆண்டுகளாகச் சமையல் மேடையில் வெள்ளை ஓடுகளே பதிந்திருந்தன. ஓடுகள் கெடவில்லை, அவற்றின் இடுக்குகள்தாம் கெட்டன. மஞ்சளும் எண்ணெயும் அங்கே குடிபுகுந்து, எந்தத் தூரிகைக்கும் அசையாமல் நின்றன. "இனி ஓடு வேண்டாம். இடுக்கில்லாத ஒரே கல்லாக இருக்கட்டும்," என்று என் துணைவியார் ஆணை பிறப்பித்தார். அடுக்களை அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட நாடு. அந்நாட்டின் தூதுவனாகக் கற்கடைக்குச் சென்று வருவதே என் கடமை.

கடையில் பெரிய பெரிய கற்பலகைகள், நூலகத்துப் புத்தகங்களைப் போல நெட்டுக்குத்தாய் நிறுத்தப்பட்டிருந்தன. சீனத் தௌக்கே மலாய் மொழியில் என்னை ஆசிரியரே என்று விளித்து, மூன்று வகைகளைக் காட்டினார். முதலாவது சலவைக்கல். இரண்டாவது கருங்கல், கடைக்காரர்கள் கிரானைட் என்பார்கள். மூன்றாவது, ஆலையில் செய்யப்படும் குவார்ட்ஸ் கல். மூன்றிலும் கைப்பிடியளவு துண்டுகளைக் கொடுத்து, "வீட்டில் வைத்துப் பாருங்கள்," என்றார்.

அவற்றுள் முதலிரண்டும் எங்கள் கிந்தா பள்ளத்தாக்கிற்குப் புதியன அல்ல. கிழக்கே நீண்டு கிடக்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகிய கல் அது. பள்ளத்தாக்கின் நடுவே செங்குத்தாய் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளோ அதற்கும் மூத்தவை. பழங்கடலின் அடியில் படிந்தவை. கருங்கல் குழம்பின் வெம்மை பட்ட இடங்களில் அந்தச் சுண்ணாம்புப் பாறை சலவைக்கல்லாக மாறிற்று. அதே கருங்கல்லோடு வெள்ளீயமும் வந்தது. அந்த ஈயத்தைத் தேடியன்றோ இந்நகரமே எழுந்தது! தைப்பூசத்தன்று காவடிகள் சென்றடையும் கல்லுமலைக் கோயிலின் பின்னே நிற்பதும் அத்தகைய சுண்ணாம்புக் குன்றுதான். கிந்தா பள்ளத்தாக்கு 2018ஆம் ஆண்டில் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் பாறைகளின் வரலாறே அடிப்படை.

துண்டுகள் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, என் துணைவியார் தேர்வு நடத்தினார். வினாத்தாள் எளியது: ஒவ்வொன்றின்மீதும் எலுமிச்சைச் சாறு ஒரு துளி, புளிக்கரைசல் ஒரு துளி, மஞ்சள் கலந்த எண்ணெய் ஒரு துளி. விடை மறுநாட் காலையில் தெரிந்தது. சலவைக்கல்லில் எலுமிச்சையும் புளியும் விழுந்த இடங்கள் பளபளப்பை இழந்து மங்கிக் கிடந்தன. அது கறையன்று, கறையென்றால் தேய்த்துப் பார்க்கலாம். சலவைக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. புளிப்புப் பொருளிலுள்ள அமிலம் அதன் மேற்பரப்பையே சிறிது கரைத்துவிடுகிறது. மேலும், கனிமங்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சலவைக்கல்லின் கனிமம் 3ஆம் படியில் நிற்கிறது. எஃகுக் கத்தி அதைக் கீறிவிடும். புளியும் தயிரும் நாள்தோறும் புழங்கும் தமிழர் அடுக்களைக்கு அது ஏற்றதன்று.

கருங்கல்லில் எலுமிச்சையும் புளியும் தோற்றன. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் வன்மை 6; குவார்ட்ஸின் வன்மை 7. இதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் வேண்டுவதில்லை. நம் அம்மியே சான்று. மிளகாயும் புளியும் தலைமுறை தலைமுறையாக அரைபட்டும் அம்மியின் முகம் அரிக்கப்படவில்லை. வழவழத்துப் போனால், தெருவழியே குரல் கொடுத்து வரும் அம்மி கொத்துபவர் உளியால் பொள்ளிவிட்டுப் போவார், அவ்வளவே. ஆனால், மஞ்சளெண்ணெய் மட்டும் கருங்கல் துண்டில் ஒரு மங்கிய வட்டத்தை விட்டுச் சென்றது. கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைக்கும் பூச்சை அவ்வப்போது பூசிவர வேண்டும்.

குவார்ட்ஸ் கல்லோ ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றது. குவார்ட்ஸைத் தூளாக்கி, பிசினோடு கலந்து, அழுத்திச் செய்யும் பலகை அது. நுண்துளை இல்லாமையால் கறை எளிதில் இறங்காது, பூச்சும் வேண்டா. பிசின் கலந்திருப்பதால், சூடான தோசைக்கல்லை அப்படியே இறக்கி வைக்கலாகாது என்னும் ஒரு குறை மட்டுமே அதற்கு. பால்போல் வெளுத்த அத்துண்டைத் துணைவியார் சன்னலோரம் வைத்து நெடுநேரம் நோக்கினார். தேர்வு முடிந்தது என்றே எண்ணினேன்.

விலை பேசுதற்கு முன், கல் வெட்டும் பட்டறை ஒன்றை இருவரும் காணச் சென்றோம். அங்கே ஓர் இளைஞர் குவார்ட்ஸ் பலகையைச் சுழலும் வாளால் அறுத்துக் கொண்டிருந்தார். நீர் ஊற்றவில்லை. வெண்புகை போலத் தூசி எழுந்தது. மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை. வேறு காப்பு ஏதுமில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் எங்களை நோக்கித் திரும்பியபோது, இருபத்தைந்து வயதைத் தாண்டாத அம்முகத்தில் புருவங்கள் முற்றும் நரைத்திருந்தன. "வாங்க ஐயா, வாங்க அம்மா," என்றார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவராம். பேச்சின் நடுவே இருமுறை இருமினார்.

அவ்விருமல் என்னை வேறொரு காலத்திற்கு இழுத்துச் சென்றது. என் தந்தையார் சாலை போடுவதற்குக் கருங்கல் உடைத்தவர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது, சட்டையை உதறும் ஓசையும் இருமலும் சேர்ந்தே கேட்கும். அவ்விருமலுக்கு எந்த மருத்துவரும் பெயர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கல்லுடைப்பவருக்கு இருமல் இயல்பு என்றே இருந்துவிட்டோம்.

அந்நோய்க்குப் பெயர் உண்டு, சிலிக்கோசிஸ். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிகா. அதை அறுக்கையில் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கிவிடுகின்றன. தங்கிய இடம் தழும்பாகித் தடிக்கிறது, மூச்சு சுருங்குகிறது. தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. கற்றச்சரின் நுரையீரலைத் தூசி கெடுப்பதை இத்தாலிய மருத்துவர் ரமசினி 1700ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதிவைத்தார். பணியிடங்களில் சுவாசிக்கப்படும் இத்தூசி புற்றுநோய்க்கும் காரணமென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 1997இல் அறிவித்தது. சலவைக்கல்லில் சிலிகா பொதுவாக நூற்றுக்கு 5 பங்கிற்கும் குறைவு. கருங்கல்லில் ஏறத்தாழ 20 முதல் 45 வரை. வழக்கமான குவார்ட்ஸ் பலகையிலோ 90 பங்கிற்கும் மேல். அதை வெட்டிய இளந்தொழிலாளர் பலர் நோயுற்றது கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய பலகைகளைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. சிலிகா குறைந்த புதுவகைகளும் இப்போது செய்யப்படுகின்றன.

இவற்றையெல்லாம் அன்றிரவு துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட வினா கூர்மையானது: "ஏங்க, கருங்கல்லை அறுத்தாலும் தூசி வருமே?"

வரும். என் தந்தையார் உடைத்ததும் கருங்கல்தானே! கல்லை மாற்றினால் தீங்கின் அளவு குறையுமேயன்றித் தீங்கு நீங்கிவிடாது. வாள்மீது நீர் இடைவிடாது பாய்ந்தால் தூசியின் பெரும்பகுதி சேறாகிவிடும். எஞ்சியதை உறிஞ்சும் பொறியும், முகத்திற்குப் பொருந்திய மூச்சுக் கவசமும் வேண்டும். ஆகவே, எந்தக் கல் என்பதோடு, எவ்வாறு வெட்டப்படும் கல் என்பதும் வினாவாயிற்று. அவர் சற்றே பேசாதிருந்தார். பின்னர், "மேடையில் கறை பட்டால் நான் துடைத்துக் கொள்கிறேன். அந்தப் பிள்ளை நெஞ்சுக்குள் போன தூசியை எப்படித் துடைப்பான்?" என்றார். சன்னலோரத்து வெள்ளைத் துண்டு மறுநாள் கடைக்குத் திரும்பியது.

கருங்கல்லைத் தேர்ந்தோம், கருமையில் சாம்பற்புள்ளிகள் இறைந்த கல். நீர் பாய்ச்சி வெட்டும் பட்டறையைத் தேடி நான்கு இடங்கள் அலைந்தோம். ஐந்தாம் இடத்தில் தொழிலாளர் கவசம் அணிந்து நின்றனர், தரை ஈரமாயிருந்தது. கூலி சற்று மிகுதி. காத்திருப்பும் இரண்டு வாரம் மிகுதி. அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் உரிய துளைகளை முன்னரே அளந்து, பட்டறையிலேயே வெட்டிவிடச் சொன்னோம். வீட்டில் உலர்ந்த கல்லை அறுக்கும் வேலை இல்லாதவாறு செய்ய அது ஒன்றே வழி. மேடை வளையும் மூலையில் இரு பலகைகளும் கூடுமிடத்தில் மயிரிழை போன்ற ஓர் இணைப்பு இருக்கிறது. இடுக்கே கூடாதென்ற ஆணையில் அந்த ஒன்றை மட்டும் துணைவியார் பொறுத்தருளினார்.

எங்கள் ஒரு மேடையால் அந்தச் சிவகங்கை இளைஞரின் மூச்சு சீராகிவிடாது என்பதை அறிவேன். அவருடைய பட்டறைக்கு வாடிக்கையாளர் குறைவதும் இல்லை. எனினும், வாங்குவோர் கேளாத ஒன்றை விற்போர் தாமாகச் செய்வது அரிது. கற்கடைக்குள் நுழையும் நாம் நிறத்தைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம். 'இதை நீரூற்றி வெட்டுகிறீர்களா? வெட்டுபவர் முகத்தில் கவசம் உண்டா?' என்று மூன்றாவதாக ஒரு வினாவையும் நூறு பேர் கேட்கத் தொடங்கினால், தௌக்கேமார் அதற்கும் விடை தேடி வைப்பர். நம்மில் பலர் கல்லுடைத்தவரின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். அவ்வினாவைக் கேட்கும் உரிமையும் கடமையும் பிறரினும் நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.