மயிலைக்கு அருகில் மலைகள்

"சென்னையில் மலை ஏது?" என்று சிரிப்பவர்கள் நம்மில் பலர். சித்திரை பிறந்ததும் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறோம். மயிலைத் தெப்பக்குளத்திலிருந்து தென்மேற்கே ஆறு மைலுக்குள் ஒரு மலை நிற்பதை நினைப்பதேயில்லை.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்ததும் வருவது சின்னமலை; அதைக் குன்று என்பதற்கே சற்று யோசிக்க வேண்டும். அப்பால் தெரிவது பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. ஹிமாலயத்தைப் பார்த்தவர்கள் நகைக்கலாம். ஆனால் அந்த ஹிமாலயத்தையே அளந்த வேலைக்கு அஸ்திவாரம் இட்டது இங்கேதான்! 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், இம்மலையடியிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். அங்கே தொடங்கிய அளவை வடக்கே வளர்ந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் உலகத்தின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டது. அதன் உயரத்தைக் கணக்கிட்டதில் முன்னின்றவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1865-ல் சிகரத்துக்குச் சூட்டிய பெயரோ எவரெஸ்ட் துரையுடையது. நம்மவர் கணக்குப் போட, பெயர் வேறொருவருக்கு!

படியேறுவது சிரமமில்லை. பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் செலவில் அமைத்த படிகள் அவை. உச்சியில் 1523-ல் போர்ச்சுகீசியர் எழுப்பிய மாதா கோயில். உள்ளே பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை. மயிலைச் சாந்தோமில் துயில்கொள்ளும் தோமையார் இம்மலையில்தான் உயிர் நீத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. மாலையில் இங்கே நின்றால் கிழக்கே கிண்டிக் காடும் அதற்கப்பால் கடலும் தெரியும். மேற்கே மீனம்பாக்கத்தில் விமானங்கள் பொம்மைகளைப்போல் இறங்கும்.

தென்மேற்கே தெரிபவை திரிசூலம், பல்லாவரம் மலைகள். திரிசூலநாதர் ஆலயம் குன்றுகளின் மடியில், சோழர் கல்வெட்டுகளுடன் இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் புரூஸ் பூட் என்ற நிலநூலார் கற்கால மனிதனின் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் ஆதி மனித சரித்திரம் அந்தக் கல்லோடு திறந்தது என்றால் மிகையாகாது. இம்மலைகளின் பாறையோ இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது.

அத்தனை வயதையும் நாம் பொருட்படுத்தவில்லை. நகரத்தின் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஜல்லி வேண்டுமென்று வெடி வைத்துப் பிளந்தோம். திரிசூலத்தில் மலைச்சரிவு இருந்த இடங்களில் இன்று செங்குத்தாக வெட்டுண்ட பாறைச் சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில், ஆழம் தெரியாத பள்ளங்களில் மழைநீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது.