தாத்தாவை எங்கே வைப்பது?

தண்டையார்பேட்டையில் இருக்கிறான் என் தங்கை மகன். துறைமுகச் சரக்குகளுக்குக் கணக்கு வைக்கும் ஒரு சிறு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம். போன மாதம் கவலையோடு வந்தான்.

"கணக்குகளைக் காந்த நாடாவில் பிரதி எடுத்து வைக்கிறோம், மாமா. இதுவரை ஏனோதானோ என்று நடந்தது. இனி எந்த முறை என்று என்னையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார் முதலாளி."

"இந்தக் காலத்திலுமா நாடா?" என்றேன்.

"2011 பிப்ரவரியில் ஒரு பிழையால் ஆயிரக்கணக்கானவர்களின் ஜிமெயில் கடிதங்கள் மறைந்தன. டிஸ்குகளில் இருந்த பிரதிகளையும் அது விட்டுவைக்கவில்லை. கம்ப்யூட்டரோடு தொடர்பில்லாமல் தனியே கிடந்த நாடாதான் கூகிளைக் காப்பாற்றியது!"

முறைகளை விளக்கினான். தினமும் முழுவதையும் எடுத்தால் நேரமும் நாடாவும் செலவு. அன்றன்று மாறியதை மட்டும் எடுத்தால் வேலை சுருக்கம்; ஆனால் மீட்கும்போது எல்லா நாடாவும் வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று கெட்டால் பின்னால் உள்ளவை வீண். மூன்றாவது, கடைசி முழுப் பிரதிக்குப் பிறகு மாறிய அனைத்தையும் தினமும் எடுப்பது. மீட்க இரண்டே நாடா போதும்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது புரியாதா? நடுவில் ஓர் இதழ் தவறிய வாசகர் படும் பாடு எனக்குத் தெரியும். மூன்றாவது முறை, சுருக்காத முன்கதைச் சுருக்கம்!

"அதையே வைத்துக்கொள்" என்றேன்.

"தினசரி நாடா பிள்ளை, வார நாடா தகப்பன், மாத நாடா தாத்தா. பிள்ளையின் மேல் அடுத்த வாரம் மறுபடி எழுதலாம். தாத்தாவைத் தொடக்கூடாது."

"தாத்தாவை எங்கே வைப்பாய்?"

"அதே அறையில், பீரோவில்."

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொன்னேன். சுமார் 97,000 நூல்கள். வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. 2023 டிசம்பர்ப் புயலில் வட சென்னையில் புகுந்த வெள்ளத்தைப் பற்றி அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"வேலூர்க் கிளைக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றான்.

"எடுத்து வைத்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்ததுண்டா?"

பதில் இல்லை.

எட்டாம் நாள் டெலிபோன் செய்தான். "ஆறு நாடா போட்டுப் பார்த்தேன், மாமா. இரண்டு படிக்கவில்லை. இப்போதே தெரிந்ததே!"

அவனுக்கு உபதேசம் செய்துவிட்டேன். அன்றிரவு மேஜை டிராயரைத் திறந்தேன். பாதி எழுதிய நாவலின் கைப்பிரதி. உலகத்தில் அது ஒன்றுதான். பொழுது விடிந்ததும் முதல் வேலையாக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.